பாலத்துக்குப் பாடப்பிரிவு தெரியுமா? கொல்கத்தாவில் தொடங்கிய நூறாண்டு விவாதம்

கொல்கத்தா: நான்காண்டுப் பொறியியல் படிப்பில், ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஐந்தாறு பாடங்களைப் படிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனித் தேர்வு. இப்பாடங்கள் ஒன்றோடொன்று எங்கே பொருந்துகின்றன என்பதைக் கற்பிக்கும் பாடவேளைதான் அரிது.

கொல்கத்தாவுக்கு இது பழைய விவாதம். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கத்தின் விளைவாக 1906ல் இங்கு தேசியக் கல்வி கவுன்சில் உருவானது. இலக்கியம், அறிவியல், தொழில்நுட்பம் மூன்றையும் இணைத்து, தேசியக் கட்டுப்பாட்டில் கற்பிப்பதே அதன் நோக்கம். தாரக்நாத் பாலித் தரப்பினர் இதற்கு உடன்படவில்லை. தொழில்நுட்பக் கல்வியே உடனடித் தேவை எனக் கூறி, அதே ஆண்டில் பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டைத் தனியே தொடங்கினர். 1910ல் இரு தரப்பும் இணைந்தன. அந்த மரபிலிருந்தே 1955ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் பிறந்தது. கலை, அறிவியல், பொறியியல் ஆகிய மூன்று புலங்களும் அங்கு இடம்பெற்றன.

விவாதம் ஏட்டளவில் நிற்கவில்லை. இதே நகரில் 2016 மார்ச் 31 அன்று கட்டுமானத்தில் இருந்த விவேகானந்தா சாலை மேம்பாலம் இடிந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் சரிந்தது. இவ்விபத்துகளுக்குப் பாடத்திட்டத்தைக் காரணமாக்க முடியாது. ஆயினும் ஒரு பாலத்தின் உறுதியை மதிப்பிட விசையியல், உலோகவியல், மண்ணியல், ஒப்பந்தச் சட்டம், பராமரிப்புச் செலவு அனைத்தும் ஒருசேரத் தேவை. பாலத்துக்குப் பாடப்பிரிவு தெரியாது.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2018ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், மொத்த கிரெடிட்டுகளை 160 ஆகக் குறைத்தது. மூன்று வார அறிமுகப் பயிற்சி, அரசியலமைப்புச் சட்டம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் சேர்த்தது. சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பாடங்களைக் கூட்டுவதோ குறைப்பதோ இணைப்பு ஆகாது.

நகரத்துப் பாலம் ஒன்றையே நான்காண்டுகளும் பாடப்பொருளாக வைக்கலாம். முதலாண்டில் அதன் மீதான பளுவைக் கணக்கிடலாம். அடுத்து எஃகைச் சோதிக்கலாம். மூன்றாமாண்டில் அடித்தளத்தை ஆராயலாம். இறுதியாண்டில் ஒப்பந்தத்தையும் பராமரிப்பையும் மதிப்பிடலாம். இதற்குப் பல துறை ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து திட்டமிட வேண்டும். தற்காலிக ஆசிரியர்களை நம்பி நடக்கும் கல்லூரிகளில் அது எளிதன்று. எனவே, இது கல்வியாளர்களின் அக்கறை மட்டுமல்ல, அரசுகளின் நிதி ஒதுக்கீட்டையும் சார்ந்தது.

1906ல் பிரிந்து நின்ற இரு தரப்பும் நான்கே ஆண்டுகளில் ஒரே அமைப்புக்குள் வந்தன. பாடங்கள் பாடத்திட்டத்துக்குள் ஒன்றுசேர்வதற்கு நூறாண்டு கடந்தும் வழி பிறக்கவில்லை.