90 பந்தயம், 4,950 டாலர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தயம் கட்டுகிறவர் எந்த அணியின் பெயரையும் பார்ப்பதற்கு முன் 110 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான பந்தயம் யார் ஜெயிப்பார் என்பதில் இல்லை, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்பதில்தான். இதற்கு ‘ஸ்பிரெட்’ என்று பெயர். 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும். ஜெயித்தவருக்கு 100 கிடைக்கும், தோற்றவரிடமிருந்து 110 போகும். நடுவில் நிற்கும் 10 டாலர் பந்தய நிறுவனத்தின் வருமானம். அதனால் பாதிக்குப் பாதி ஜெயிப்பவர் நஷ்டத்தில்தான் இருக்கிறார். கையைக் கடிக்காமல் இருக்கவே 100-க்கு 52.38 ஜெயிக்க வேண்டும்.

தேசிய கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் 32 அணிகள், அணிக்கு 17 ஆட்டம், 18 வாரத்தில் மொத்தம் 272 ஆட்டங்கள். அதன் பிறகு பிளே ஆஃப் சுற்றில் 13. விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்ற 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்தது. அதுவரை நெவாடாவுக்குப் போய்க் கட்டியவர்கள் இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டப்படி பந்தயம் கட்டலாம். பல மாநிலங்களில் கைபேசியே போதும். வசதி கூடியதே தவிர 110 குறையவில்லை.

பந்தயத்துக்கென்று ஒருவர் 5,500 டாலர் தனியாக எடுத்துவைக்கிறார் என்று கொள்வோம். வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தொடர்பில்லாத பணம். அதில் நூற்றில் ஒரு பங்கு, 55 டாலர், ஒரு பந்தயத்துக்கு. ஜெயித்தால் 50 லாபம், தோற்றால் 55 நஷ்டம். வாரம் 5 பந்தயம் வீதம் 18 வாரத்தில் 90 பந்தயம். கட்டிய தொகை 4,950 டாலர்.

45 ஜெயித்து 45 தோற்றால் வரவு 2,250, செலவு 2,475, நஷ்டம் 225 டாலர். 47 ஜெயித்தாலும் 15 டாலர் நஷ்டம்தான். 48-ஆவது வெற்றியில்தான் கணக்கு 90 டாலர் லாபத்துக்குத் திரும்புகிறது. 50 ஜெயித்தால் 300 டாலர். ஒரு சீசன் முழுக்கக் காயப் பட்டியலும் வானிலையும் படித்த உழைப்புக்கு நல்ல நஷ்டத்துக்கும் சுமாரான லாபத்துக்கும் இடையே இருப்பது ஐந்து ஆட்டங்கள்.

இப்போது பாதிக்குப் பாதி ஜெயிக்கும் அதே ஆள், அதே கணிப்பு, அதே 4,950 டாலர். ஆனால் தனித்தனியாகக் கட்டாமல் பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டுகிறார். ‘பார்லே’ என்ற இந்தப் பந்தயத்தில் கோத்த ஆட்டம் அத்தனையும் ஜெயித்தால்தான் பணம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த 110 விலை தனித்தனியாக ஏறுகிறது. இரண்டு ஆட்டம் கோத்தால் சராசரி நஷ்டம் சுமார் 440 டாலர். மூன்று கோத்தால் 645. நான்கு கோத்தால் 840. கணிப்பில் எந்தக் குறையும் கூடவில்லை, கட்டிய விதம் மட்டுமே மாறியிருக்கிறது. செயலியின் முதல் பக்கத்தில் பார்லே பளிச்சென்று இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

இதையும் மிஞ்சுவது விட்டதைப் பிடிக்கும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையே அதற்கு வழிவிடுகிறது. கிழக்கு நேரப்படி பகல் 1 மணிக்கு ஒரு தொகுதி, 4 மணிக்கு மேல் இன்னொன்று, இரவு 8.20-க்கு ஒன்று, திங்கள் இரவு மறுபடியும். பகலில் விட்டவருக்கு மாலையில் வாய்ப்பு காத்திருக்கிறது. முந்தைய நஷ்டம் முழுவதையும் மீட்டு, மேலே 50 டாலர் லாபமும் பார்க்கும்படி ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தொகையைக் கூட்டினால் கணக்கு இப்படிப் போகும்:

முதல் பந்தயம்: 55 டாலர்
இரண்டாவது: 115.50
மூன்றாவது: 242.55
நான்காவது: 509
ஐந்தாவது: 1,070
ஆறாவது: 2,246

ஆறும் தோற்றால் போனது 4,238 டாலர். ஏழாவதற்கு 4,717 வேண்டும், கையில் மிச்சம் 1,262. ஆறு தொடர் தோல்வி யாருக்கோ எப்போதோ வருவது என்று நினைக்க வேண்டாம். பாதிக்குப் பாதி ஜெயிப்பவருக்கு 90 பந்தயத்துக்குள் ஒருமுறையாவது அது வந்துசேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டில் ஒன்று. அதே ஆறு தோல்வியில் தொகையை மாற்றாதவர் இழப்பது 330 டாலர், கைமுதலில் 6 சதவீதம். அடுத்த ஞாயிறும் அவர் 55 டாலருடன் உட்காரலாம். கட்டுப்பாட்டுக்கு விலை போட முடியாது என்கிறார்கள். இங்கே போட முடிகிறது. 4,238-இல் 330 போக 3,908 டாலர்.

ஸ்பிரெட் எந்த எண்ணில் இருக்கும்போது கட்டினோம் என்பதும் காசுதான். என்.எஃப்.எல் ஆட்டங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன, 9 சதவீதம் போல 7-இல். ஃபீல்டு கோலுக்கு 3, டச் டவுனும் கூடுதல் உதையும் சேர்ந்தால் 7 என்பதால் அப்படி. எனவே ஒரே அணியை 2.5-இல் வாங்குவதும் 3.5-இல் வாங்குவதும் வேறு வேறு பொருள் வாங்குவது போன்றது. 1979 ஜனவரி 21-இல் மயாமியில் நடந்த 13-ஆவது சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 3.5 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயம் திறந்தது. பணம் அந்தப் பக்கமே குவிய, எண் 4.5-க்கு ஏறியது. உடனே டல்லாஸ் பக்கம் பணம் வந்தது. ஆட்டத்தில் 35-17 என்று பிட்ஸ்பர்க் முன்னால் நின்றது. கடைசி நிமிடங்களில் டல்லாஸ் இரண்டு டச் டவுன் போட்டது, இரண்டாவது 22 வினாடி மிச்சமிருக்கையில். முடிவு 35-31, வித்தியாசம் 4. முதலில் 3.5-இல் பிட்ஸ்பர்க்கை வாங்கியவர்களும் ஜெயித்தார்கள், பிறகு 4.5-இல் டல்லாஸை வாங்கியவர்களும் ஜெயித்தார்கள். இரு பக்கமும் பணம் கொடுத்த லாஸ் வேகாஸ் பந்தய நிறுவனங்கள் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே நினைவில் வைத்திருக்கின்றன. எண்ணை அசைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சரி, ஒருவர் ஒழுங்காகக் கட்டுகிறார், சீசன் முடிவில் லாபமும் பார்த்துவிட்டார். திறமைதானா? நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பவர்கள் பத்துப் பேர் 90 பந்தயம் கட்டினாலும் அவர்களில் சராசரியாக மூன்று பேர் 48-ஐ எட்டி லாபத்தில் நிற்பார்கள். உண்மையிலேயே 55 சதவீதம் ஜெயிக்கக்கூடியவரை 52.38-இலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துக் காட்ட ஏறக்குறைய 1,440 பந்தயம் தேவை. வாரம் 5 என்றால் 16 சீசன். இத்தனை ஆண்டு யாரும் காத்திருக்க முடியாது. அதனால்தான் பந்தயக் கணக்கு எழுதும் நோட்டில் இன்னொரு பத்தி அவசியம் என்று நான் நினைக்கிறேன். நாம் வாங்கிய எண்ணுக்குப் பக்கத்தில், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் இருந்த கடைசி எண்ணையும் எழுத வேண்டும். நாம் 2.5-இல் வாங்கியது 3.5-இல் முடிகிறது என்பது வாரம்தோறும் நடந்தால் கணிப்பில் ஏதோ இருக்கிறது. எதிர்ப்பக்கமாகவே முடிந்துகொண்டிருந்தால் லாபம் வெறும் அதிர்ஷ்டம்.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கு பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். 110 விலையில் 55 சதவீதம் ஜெயிப்பவர் கைமுதலில் 5.5 சதவீதம் கட்டலாம் என்கிறது அது. 53 சதவீதக்காரருக்கு 1.3. தன் திறமையை இரண்டே சதவீதம் கூட்டி மதிப்பிட்டவர் நான்கு மடங்குக்கு மேல் அதிகம் கட்டிவிடுகிறார் என்று பொருள். 52.38-க்கும் அதற்குக் கீழும் சூத்திரம் தரும் விடை: கட்டவே வேண்டாம்.

2026 முதல் வரியும் இந்த நோட்டுக்குள் வந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே லாபத்திலிருந்து கழிக்கலாம். மேலே சொன்ன 50 வெற்றிக்காரருக்கு வரவு 2,500, நஷ்டம் 2,200, கழிக்க முடிவது 1,980. கையில் வந்தது 300 டாலர், வரி 520 டாலருக்கு. செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரிக்கணக்கு தாக்கல் செய்யாதவருக்கு அந்த 1,980-ம் கிடையாது, முழு 2,500-க்கும் வரி.

கடைசி எண்ணுக்கான பத்தி நிரந்தரமாக எதிர்ப்பக்கமே காட்டுகிறவருக்கு என் கணக்கு இது: பந்தயம் ஒன்றுக்கு 55 டாலர், வாரத்துக்கு 5, பார்லே கிடையாது, ஞாயிறு இரவு புதிதாக எதுவும் சேர்ப்பது கிடையாது. சீசனுக்கு 225 டாலர் போகும் என்று முன்கூட்டியே செலவுப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அந்த 225 வீட்டுக்குக் கட்டுப்படியாகாது என்றால் 55-ஐ 11 ஆக்கலாம், சீசன் செலவு 45 டாலராகும். தொகையைக் குறைக்கக் கை வரவில்லை என்றால் 1-800-GAMBLER என்ற உதவி எண் அமெரிக்கா முழுவதும் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.