ஆர்.ஓ. மெஷினுக்குள் படியும் வழவழப்பு



“முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த குடம், இப்போது லுஹரிலிருந்து அஸர் வரை ஆகிறது.” ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் குறை இது. உப்பு படிவது ஒரு காரணம். பலர் அறியாத இன்னொரு காரணம், கிருமிகள் கட்டும் குடியிருப்பு.

காலையில் எழுந்ததும் நாவால் பல்லைத் தடவிப் பாருங்கள். ஒரு வழவழப்பு தெரியும். வாய் கொப்பளித்தால் அது போகாது, மிஸ்வாக்கால் தேய்க்க வேண்டும். கிருமிகள் ஒன்றுசேர்ந்து, தாங்களே சுரக்கும் பசையால் தங்களை மூடிக்கொண்டிருப்பதே அது. மெஷினுக்குள் இருக்கும் மெம்பரேனிலும் இதே படலம்தான் உருவாகிறது.

மெம்பரேன் என்பது மெல்லிய தாள்களைச் சுருட்டி வைத்த குழாய். தாள்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் உண்டு. அதில் பசை படிந்தால் தண்ணீர் வரத்து குறையும், மோட்டார் அதிக நேரம் ஓடும். வரும் தண்ணீரில் 100 கிருமிகளில் 99 அழிந்தாலும், மீதி ஒன்று ஒட்டிக்கொண்டு மீண்டும் பெருகிவிடும்.

குளோரின் போட்டால் போகாதா? இங்குதான் சிக்கல். இந்த மெம்பரேன்கள் குளோரின் பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை நீக்குகிறது. அதற்குப் பிறகு தண்ணீருக்குக் காவல் இல்லை. சுத்தமான தண்ணீர் சேரும் டேங்கிலும் நாளடைவில் படலம் படியலாம். டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

பெரிய ஆலைகளுக்கும் இதே தொல்லை உண்டு. நம் செங்கல்பட்டு மாவட்டத்து நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை உள்ளது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று 2024இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் கடல்நீரை நேராக மெம்பரேனுக்கு விடுவதில்லை. அழுக்கையும் பாசியையும் முதலில் வடிகட்டுகிறார்கள். கிருமிக்கு உணவைக் குறைப்பதே முதல் பாதுகாப்பு.

வீட்டிலும் அதே வழிதான்:

• சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவி, மூடி வையுங்கள். தொட்டி அழுக்காக இருந்தால் புது மெம்பரேன் போட்டும் பணம் வீண்.

• முன் ஃபில்டர்களை நிறுவனம் சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

• ஊருக்குப் போய்த் திரும்பினால், மெஷின் டேங்கில் தேங்கிய தண்ணீரைக் குடிக்காமல் காலி செய்யுங்கள். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

• சர்வீஸுக்கு வருபவரிடம் டேங்கின் உட்புறத்தையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்களாக மெஷினில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள்.

• கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறியபின் கொடுங்கள்.

மெஷின் வாங்கியதோடு பொறுப்பு முடிவதில்லை. நம் பிள்ளைகள் குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் நம்மிடம் உள்ள அமானிதம்.