கள்ளத்தொண்டையைக் கலையாக்கிய சந்திரபாபு: தமிழுக்கு யோடலிங் கொண்டுவந்தவர் வென்றதும் தோற்றதும் எப்படி?

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது தெரியும். இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி உயர்ந்து நிற்கும் இடம் வந்ததும், பரிசலில் இருக்கும் யாராவது ஒருவர் 'ஓஓஓய்' என்று கூவிவிடுவார். பாறை திருப்பிக் கூவுமா என்று பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்தவர்கள் இந்தக் கூவலையே ஒரு பாட்டு முறையாக மாற்றிவிட்டார்கள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குச் சேதி சொல்லவும், மாடுகளைக் கூப்பிடவும் பயன்பட்ட அந்தக் குரலுக்குப் பெயர் யோடலிங். அது அமெரிக்கா போய், கிராமபோன் தட்டில் ஏறி, உலகத்தைச் சுற்றியது. தமிழ் சினிமாவில் யோடலிங் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ஒன்றுதான்: ஜே.பி.சந்திரபாபு.

'அந்தக் காலத்து காமெடியன்தானே?' என்று கேட்டால், பாதி சரி. மீதிப் பாதி அவருடைய தொண்டையில் இருக்கிறது.

சரி, யோடலிங்னா என்ன?

நமக்கு இரண்டு குரல் உண்டு. சாதாரணமாகப் பேசும்போது வருவது, நெஞ்சில் அதிர்வு தெரியும் கனமான குரல். குழந்தையைக் கொஞ்சும்போதோ, பெண் குரலில் மிமிக்ரி செய்யும்போதோ வருவது மெல்லிய உச்சக் குரல். முதலாவதில் குரல் நாண்கள் தடித்து முழுதாக அதிரும். இரண்டாவதில் அவை நீண்டு மெலிந்து, ஓரங்கள் மட்டும் அதிரும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் ஒரு 'டக்' வரும். கார் கியர் மாறும்போது சின்னதாகக் குலுங்குமே, அது மாதிரி. மகரக்கட்டு விழும் வயதில் பையன்கள் பேசும்போது குரல் சட்டென்று கீச்சென்று போய்த் திரும்புவதும் ஏறக்குறைய இதே சமாசாரம்தான்.

முறையாகப் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பலருக்கும் சொல்லித் தரப்படுவது இந்த 'டக்'கை மறைக்கத்தான். நம்மூர் பாட்டு வாத்தியார்கள் இந்த மெல்லிய குரலுக்கு வைத்திருக்கும் பெயரே அதற்குச் சாட்சி: கள்ளத்தொண்டை. அதாவது உண்மையில்லாத குரல். 'வாயைத் திறந்து பாடு, கள்ளத்தொண்டையில பாடாதே' என்று அதட்டு வாங்காத சங்கீத மாணவர் குறைவு.

யோடலிங் இதற்கு நேர் எதிர். அது அந்த உடைசலை மறைப்பதில்லை. வேண்டுமென்றே உடைத்து, மறுபடி ஒட்டி, திரும்ப உடைத்து, அந்த உடைசலையே தாளமாக்கி விளையாடும். வார்த்தைகூடத் தேவையில்லை.

மலையிலிருந்து மைக் வரை

1927 நவம்பரில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர், 'ப்ளூ யோடல்' வரிசையின் முதல் பாடலைப் பதிவு செய்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், காச நோயாளி. கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையையும் யோடலிங்கையும் அவர் கலந்தார். 35 வயதில் இறந்துபோனாலும் அவருடைய தட்டுகள் கண்டம் தாண்டிப் போயின.

1930களில் டெக்சாஸில் 'வெஸ்டர்ன் ஸ்விங்' பிறந்தது. வயலினோடு ஜாஸ் சேர்ந்து, கூட்டத்தை ஆடவைக்கும் இசை. பாப் வில்ஸ் அதன் பெரிய பெயர். அந்த வகையில் யோடலிங் பாடியே புகழ்பெற்ற கரோலினா காட்டன் போன்ற பாடகிகளும் வந்தார்கள்.

இந்தியாவில் இதைப் பிடித்துக்கொண்டவர் கிஷோர் குமார். அண்ணன் அனூப் குமார் வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஜிம்மி ரோட்ஜர்ஸையும் டெக்ஸ் மார்ட்டனையும் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்கு யோடலிங் வந்தது. கிஷோர் பிறந்தது 1929 ஆகஸ்ட் 4. சந்திரபாபு பிறந்தது 1927 ஆகஸ்ட் 5. இருவருமே நடிகர்கள், இருவருமே பாடகர்கள், இருவருக்குமே 'கொஞ்சம் கிறுக்கு' என்ற பட்டம். ஆனால் இருவருக்கும் கிடைத்த வாழ்க்கை ஒன்றல்ல.

தூத்துக்குடி பையன், கொழும்பு வளர்ப்பு

தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நாளில் பிறந்தவர் என்பதால் அவர் பெயரிலேயே மாதா இருக்கிறார்: ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிக்ஸ். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். ஆங்கிலேயர் ஆட்சியின் கெடுபிடியில் குடும்பம் இலங்கைக்குப் போனது. கொழும்பில்தான் சந்திரபாபு படித்தார், வளர்ந்தார்.

இந்தக் கொழும்பு முக்கியம். அது கப்பல் வந்து போகும் ஊர். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற பைலா பாட்டும், சிங்களப் பாட்டும், ஆங்கிலப் பாட்டும் ஒரே தெருவில் கேட்கும். சென்னையில் பாட்டுக்காரர் என்றால் கர்நாடக சங்கீதமோ நாடக மேடையோ பின்னணியாக இருந்தே ஆகவேண்டிய காலத்தில், அந்த இரண்டுக்கும் வெளியே ஒரு காது தயாரானது அங்கேதான்.

1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பி திருவல்லிக்கேணியில் குடியேறியது. கோட்டு, சூட்டு, ஆங்கிலம், மேற்கத்திய நடனம் என்று வந்து நின்ற இளைஞரை சினிமா கம்பெனிகள் உடனே வாரி அணைத்துக்கொள்ளவில்லை. 1947-ல் 'தன அமராவதி'யில் முகம் காட்டினார். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் அலைச்சல்.

1950களின் தொடக்கத்தில், ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்க முடியாத விரக்தியில், ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை விட முயன்றார். காப்பாற்றப்பட்டார். தற்கொலை முயற்சி அன்று தண்டனைக்குரிய குற்றம் என்பதால் நீதிமன்றம் போனார். அங்கே தீக்குச்சியால் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டதைத்தான் நீங்கள் பார்க்க முடியும், என் வலியை உணர முடியாது என்ற பொருளில் அவர் பேசியதாக ஒரு கதை திரையுலகில் இன்றும் சொல்லப்படுகிறது. எப்படியோ, அவருடைய கதை வாசன் காதுக்குப் போனது. 1952-ல் ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வாய்ப்பு வந்தது.

(தற்கொலை எதற்கும் தீர்வல்ல. மன அழுத்தத்தில் இருப்பவர்கள் தமிழக அரசின் 104 என்ற எண்ணையோ, 044-24640050 என்ற சினேகா உதவி எண்ணையோ அழைக்கலாம்.)

10 வருஷம், ஒரே ஆட்டம்

அடுத்த பத்தாண்டு அவருடையது. 1954-ல் வந்த 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்கு அவர் பின்னணி பாடிய கல்யாணப் பாட்டு பிரபலமானது. 1957-ல் 'புதையல்', 'மணமகன் தேவை'. 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்'. அதே ஆண்டு பி.ஆர்.பந்துலுவின் 'சபாஷ் மீனா'வில் சிவாஜிக்கு ஈடாக இரட்டை வேடம். 1996-ல் வந்த 'உள்ளத்தை அள்ளித்தா' படத்துக்கு விதை 'சபாஷ் மீனா'தான்.

அவருடைய மார்க்கெட் எப்படி இருந்தது என்பதற்கு ஏவி.எம்.மின் 'சகோதரி' (1959) நல்ல உதாரணம். எடுத்து முடித்த படத்தில் விறுவிறுப்பு போதவில்லை என்று தோன்றியதும், ஏவி.மெய்யப்பன் சந்திரபாபுவைக் கூப்பிட்டு, பால்காரர் வேடத்தில் ஒரு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார். படம் ஓடியது. 'நான் ஒரு முட்டாளுங்க' பாட்டு அந்தப் பகுதியில் வந்ததுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி.எம்.சௌந்தரராஜனும் பி.பி.ஸ்ரீனிவாஸும் சீர்காழி கோவிந்தராஜனும் உச்சத்தில் இருந்த காலம் அது. எம்.ஜி.ஆர், சிவாஜி இருவருக்கும் இரவல் குரல்தான். சந்திரபாபுவோ தன் பாட்டைத் தானே பாடித் தானே ஆடினார். அவருடைய உடம்பு வளைவதும் குரல் உடைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். அதை வேறு யாரும் பாடிக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அவருடைய பாடல்களில் பல, காமெடிப் பாட்டு மாதிரி தொடங்கி வேறு எங்கேயோ போகும். தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும், உலகம் புரியவில்லை என்று புலம்பும், புத்திசாலிகளைக் கிண்டல் செய்யும். கனமான குரலில் சிரிப்பும் உச்சக் குரலில் அழுகையும் இருக்கிற மாதிரி ஒரு தொண்டைக்குத்தான் இந்த வரிகள் பொருந்தும் என்று கண்ணதாசன் போன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கே சறுக்கினார்?

பாவம், நல்ல மனுஷன், உலகம் ஏமாத்திடுச்சு என்று மட்டும் சொன்னால் அது முழுக் கதை ஆகாது. அவர் படப்பிடிப்புக்கு ஒழுங்காக வருபவர் அல்ல. பெரிய நடிகர்களைப் பற்றிக்கூட மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். கண்ணதாசன் அவரைக் கதாநாயகனாக்கி 1960-ல் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்', தயாரிப்பாளருக்குக் கவலையைத்தான் கொடுத்தது. சந்திரபாபுவின் கால்ஷீட் குளறுபடியால் கவிஞர் பட்ட அவதியும் நஷ்டமும் கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்த கதை. ஆனாலும் 1964-ல் 'ஆண்டவன் கட்டளை'யில் சந்திரபாபு பாடிய 'சிரிப்பு வருது' பாட்டை எழுதியது அதே கண்ணதாசன்தான்.

சொந்த வாழ்க்கையும் கைகொடுக்கவில்லை. அவருடைய திருமணம் சீக்கிரமே முறிந்தது. மனைவியின் மனதில் வேறொருவர் இருப்பதை அறிந்து, அவரை அனுப்பி வைத்தார் என்பார்கள். கே.பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) படத்துக்கு இந்தச் சம்பவம்தான் தூண்டுதல் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது.

பெரிய அடி, இயக்குநர் ஆசையில் விழுந்தது. எம்.ஜி.ஆர், சாவித்திரியை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். படப்பிடிப்பு கொஞ்சம் நடந்ததோடு நின்றுபோனது. கடன் கழுத்தை நெரித்தது. ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் கையை விட்டுப் போனது. கார் நேராக மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி அவர் திட்டமிட்ட வீடு அது.

அதோடு விடவில்லை. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை எழுதி, இயக்கி, சாவித்திரியோடு நடித்தார். படத்தின் பெயரில் பைபிள் நம்பிக்கை இருந்தது, தியேட்டரில் கூட்டம் இல்லை. அதற்குள் நாகேஷ் வந்து நகைச்சுவையின் வேகத்தையே மாற்றியிருந்தார். சந்திரபாபுவுக்குக் குடி கூடியது, படம் குறைந்தது. 'அடிமைப் பெண்' (1969) உள்ளிட்ட சில படங்களில் மறுபடி தலைகாட்டினாலும், பழைய இடம் திரும்பவில்லை.

1974 மார்ச் 8 அன்று இறந்தார். வயது 46. கடைசி நாட்களில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் முக்கியமானவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

இன்னைக்கு ஏன் கேட்கணும்?

சந்திரபாபுவுக்குப் பிறகு தமிழில் யோடலிங் ஒரு மரபாக வளரவில்லை. நடிகர்கள் பாடுவது இன்று சாதாரணம். ஆனால் தன் உடம்பு, தன் குரல், தன் வேதனை மூன்றையும் ஒரே பாட்டில் வைத்தவர்கள் குறைவு.

சுருதி விலகினால் மென்பொருளே இழுத்துச் சரிசெய்துவிடும் காலம் இது. குரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் மழித்து எடுத்துவிட முடியும். அப்படி மழித்திருந்தால் சந்திரபாபுவிடம் மிச்சம் இருப்பது ரொம்பக் கம்மி. குறை என்று எல்லோரும் மறைக்கச் சொன்ன இடத்தில்தான் அவருடைய அடையாளம் இருந்தது. அதே பிடிவாதம் வாழ்க்கையில் அவரை வீழ்த்தியது, பாட்டில் காப்பாற்றியது.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்:

• உனக்காக எல்லாம் உனக்காக – புதையல் (1957). பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. சந்திரபாபுவின் துள்ளல் என்றால் என்ன என்பதற்கு அகராதி.

• குங்குமப்பூவே கொஞ்சும் புறாவே – மரகதம் (1959). ஜமுனா ராணியுடன். இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

• பிறக்கும் போதும் அழுகின்றாய் – கவலை இல்லாத மனிதன் (1960). விளையாட்டே இல்லாத சந்திரபாபு.

• ஒண்ணுமே புரியல உலகத்துல – குமார ராஜா (1961). இசை டி.ஜி.லிங்கப்பா. சோகமான விஷயத்தைச் சோகமில்லாமல் பாடுவது எப்படி என்பதற்குப் பாடம்.

• புத்தியுள்ள மனிதரெல்லாம் – அன்னை (1962). இசை ஆர்.சுதர்சனம். மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரும். இரண்டாவது தடவை, குரல் மேலே ஏறும் இடங்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.