கருகியது எது, கருக்கியது எது?

காருக்குள் ரப்பர் கருகும் வாடை வந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பானெட்டைத் திறந்ததும் பக்கவாட்டில் பளபளத்துத் தேய்ந்த ஃபேன் பெல்ட் கண்ணில் படுகிறது. புதியது மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதே வாடை. பெல்ட் மட்டமான சரக்கு என்று பழி அதன் தலையில் விழுகிறது. கருகிய பாகத்தையே கெட்டுப்போன பாகம் என்று எண்ணுவதால் வரும் வினை இது. வாடை கிளப்புவது அநேகமாக அடிவாங்கிய பாகம்தான். அடித்தது பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்காத ரிப்பேர் பாதி ரிப்பேர்கூட இல்லை.

பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கும் ஏசி கம்ப்ரெசருக்கும், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. அவற்றில் ஏதோ ஒன்றின் பேரிங் இறுகிவிட்டால் அந்தப் புல்லி நிற்கப் பார்க்கும், எஞ்சினோ பெல்ட்டை விடாமல் இழுக்கும். இந்த இழுபறியில் ரப்பர் வழுக்கி, உரசி, கருகுகிறது. டென்ஷனர் தளர்ந்திருந்தாலும் இதே கதை. சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். கரகரப்பதோ, சுற்ற மறுப்பதோ தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஏசி போட்டவுடன் மட்டும் வாடை கூடினால் கம்ப்ரெசர் பக்கம் முதலில் பார்க்கலாம். விரிசல் இல்லை, ஆகவே பெல்ட் நன்றாக இருக்கிறது என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. இன்றைய இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் எளிதில் வெடிப்பதில்லை; டயர் தேய்வதுபோல் அவற்றின் பள்ளங்கள் சத்தமில்லாமல் தேய்ந்துபோகின்றன.

பிரேக்கிலும் இதே நியாயம்தான். அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேடு கருகியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் கருக்கியது துருவேறிய காலிப்பர் பிஸ்டனாகவோ பின்னாகவோ இருக்கலாம். அல்லது வெளியே நன்றாகத் தெரிந்தும் உள்ளே உப்பி, போன அழுத்தத்தைத் திரும்பவிடாத பிரேக் ஹோஸாக இருக்கலாம். அதை விட்டுவிட்டால் புதுப் பேடும் அதே வழியில் போகும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஃபியூஸ் விஷயம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸ் போவது ஒயரைக் காப்பாற்றத்தான். அதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்து எரிவது ஒயரின் உறை, அதுவும் டேஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பிளாஸ்டிக் உருகும் நெடியோ புகையோ வந்தால் அங்கேயே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பானெட்டிலிருந்து புகை வருகிறதென்றால் அதைத் திறக்கவும் கூடாது. உள்ளே புகும் காற்று தீக்குத் தீனி.

வாடையை வைத்து எதைத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் பேடிலும் உரசித் தேயும் பொருள் ரப்பரே இல்லை, பிசினால் இறுக்கிய கலவை. அது கருகினாலும் ரப்பர் வாடை என்றுதான் சொல்கிறோம். மூக்கும் சில நிமிடங்களில் பழகி, வாடை நின்றுவிட்டதாக நம்மை ஏமாற்றும். அதனால்தான் என்ன வாடை என்பதைவிட எப்போது வந்தது என்பது பெரிய சாட்சி. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏறும்போது வந்தால் ஆஃப் கிளட்ச். அதே வண்டியில் இறங்கும்போது வந்தால் பிரேக். இரண்டிலும் கருக்கியது பெரும்பாலும் ஓட்டும் முறைதான்: ஏற்றத்தில் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது, இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்புவது. இறக்கத்து வாடையை அலட்சியம் செய்யவே கூடாது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

ஸ்கேனர் மாட்டினால் தெரிந்துவிடாதா என்பது அடுத்த வாதம். ஸ்கேனர் தன் சென்சார்களுக்கு எட்டியதைத்தான் சொல்லும். இறுகிய காலிப்பரோ, கரகரக்கும் புல்லியோ, சூடான மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாக விழும் எஞ்சின் ஆயிலோ பெரும்பாலான கார்களில் அதற்குத் தெரியாது. காரணம் தேட ஆகும் கூலியைவிட பெல்ட் மலிவு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை உண்டாக்கியவர்கள் நாம்தான். பில்லில் பாகத்துக்கு விலை உண்டு, மாட்டக் கூலி உண்டு. கண்டுபிடித்ததற்கென்று ஒரு வரி அபூர்வம். ஒரு மணி நேரம் குனிந்து தேடி, பாகம் எதையும் மாற்றாமல் கோளாறைச் சரிசெய்கிற மெக்கானிக்கிடம் பேரம் பேசுகிறோம். ஊகத்தில் மூன்று பாகம் மாற்றியவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். தேடுகிறவருக்கு, அவர் கேட்கும் முன்பே, அந்த ஒரு மணி நேரத்தின் கூலியைக் கொடுப்பதுதான் நேர்மை.

பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், கழற்றியதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பள்ளங்கள் கண்ணாடிபோல் மினுமினுத்தால் வழுக்கியிருக்கிறது: டென்ஷனரையும் பேரிங்குகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்க விளிம்பு மட்டும் நூல்நூலாகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. தொட்டால் பிசுபிசுவென்று ஊறிப்போயிருந்தால் மேலே எங்கோ ஆயிலோ கூலன்டோ கசிகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் புது பெல்ட்டை மாட்ட விடாதீர்கள்.