உங்களுக்குத் தெரியுமா? உடல் லாண்ட் ரோவர், உயிர் இசுசு!

காத்தான்குடியின் பேரீச்சை மர வீதியில் ஒரு பழைய லாண்ட் ரோவர் போகிறது என்று வையுங்கள். கண்ணுக்கு இங்கிலாந்து. காதுக்கோ ஜப்பான் லொறி!

பழைய ஜீப்பின் பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசல் பூட்டுவது இலங்கையில் புதிதல்ல. வெறும் கராஜ் கைவேலை என்று நினைக்க வேண்டாம். 1980களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலிய இராணுவம் வாங்கிய ‘பெரன்டி’ லாண்ட் ரோவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே 3.9 லீற்றர் இசுசு டீசல்தான் பூட்டப்பட்டது. லாண்ட் ரோவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வி8 எஞ்சின்கூடப் பிறப்பால் அமெரிக்க பியூயிக். அதன் உரிமையை ரோவர் கம்பனி 1965இல் வாங்கியது. மஹிந்திரா ஜீப்பிலும் ஒரு காலம் பிரெஞ்சு பேஜோ டீசல் ஓடியது.

எஞ்சினைத் தூக்கி வைப்பது லேசு. கியர்பொக்ஸோடு சேர்ப்பதில்தான் கராஜ் பாஸின் கெட்டித்தனம் தெரியும். இரண்டின் போல்ட் துளைகளும் ஒத்துவராது. நடுவே ஒரு தடித்த தட்டைக் கடைந்து போட வேண்டும். இரு தண்டுகளின் மையமும் மயிரிழை விலகினாலும் பெயாரிங் அழத் தொடங்கும். இன்னொன்று, பலர் மறப்பது: சேர்வோ பிரேக், பெற்றோல் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தை நம்பியது. டீசலில் அது கிடையாது. பல ஜப்பான் டீசல்களில் ஓல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் சின்ன வெக்குவம் பம்பைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் உண்டு. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துவிட்டு வண்டியை வீதிக்கு இறக்குங்கள்.