அந்தத் தாயின் இடத்தில் நாம் இருந்தால்?



எங்கள் வெள்ளானூருக்குப் பக்கத்தில்தான் திருமுல்லைவாயல் இருக்கிறது. 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தை தவறி விழுந்து, கீழ்த்தளத்துக் கூரையின் விளிம்பில் தொங்கியது. அக்கம்பக்கத்தார் கீழே போர்வையை விரித்துப் பிடித்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையைக் காப்பாற்றினார். அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

குழந்தை பிழைத்தது. ஆனால், முகம் தெரியாத மனிதர்கள் அந்தத் தாயை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். 'இவளெல்லாம் ஒரு தாயா?' என்கிற ரீதியில் பதிவுகள் குவிந்தன. ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து, கோவை மாவட்டம் காரமடையில் பெற்றோர் வீட்டில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மன அழுத்தத்திற்குச் சிகிச்சை பெற்று வந்தார் என்று செய்திகள் கூறின. இதுதான் ஒரே காரணம் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால், ஏற்கெனவே நொந்திருந்த ஒரு தாயின் மீது அத்தனை கற்கள் வீசப்பட்டன என்பது உண்மை.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

முன்பெல்லாம் தெருவில் பேசிய பேச்சு தெருவோடு முடியும். கதவைச் சாத்தினால் காதில் விழாது. இன்று அது கைப்பேசிக்குள் புகுந்து, நள்ளிரவிலும் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதிகம் பேர் கருத்திடும் பதிவையே செயலிகள் மேலும் பலருக்குக் காட்டுகின்றன. ஆகவே, கோபத்தில் நாம் எழுதும் ஒரு வரியும் அந்த வீடியோவை இன்னும் நூறு பேரிடம் கொண்டு சேர்க்கிறது.

ஒரு மாத வேதனை

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது மதீனாவில் கைப்பேசி இல்லை. நாவுகள் மட்டுமே இருந்தன. ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பேச்சு நீடித்தது. விஷயம் தெரியவந்தபோது அன்னையவர்கள் தூக்கமின்றி இரவு பகலாக அழுதார்கள். குற்றமற்றவர் என்று வஹீ இறங்கிய பிறகே அது ஓய்ந்தது.

அந்த நாட்களில் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) தம் மனைவியிடம், 'நீ இப்படிச் செய்வாயா?' என்று கேட்டார்கள். 'மாட்டேன்' என்றார் அவர். 'உன்னைவிட ஆயிஷா சிறந்தவர்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்கள். கேள்விப்பட்டவுடன் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று சூரா அந்நூரின் 12ஆவது வசனம் கேட்பதும் இதைத்தான்.

நம் வீட்டுக் குழந்தை ஒருநாளும் கட்டிலிலிருந்து விழுந்ததில்லையா? கண் இமைக்கும் நேரத்தில் நம் பிடி நழுவியதில்லையா?

வீட்டில் பழக வேண்டியவை

1. கருத்து எழுதுமுன் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் கேள்வியை நம்மிடமே கேட்போம். துயரத்தில் இருப்பவரின் வீடியோவைப் பகிராமல் நம்மோடு நிறுத்துவோம்.

2. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அந்த நேரத்தில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளைகளிடம் சொல்லுமுன் அத்தாவும் அம்மாவும் செய்து காட்ட வேண்டும்.

3. நம் குடும்பத்தில் ஒருவர் வசைக்கு ஆளானால், அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்க விடாதீர்கள். கருத்துப் பகுதியை மூடுங்கள். தொல்லை தருபவரை பிளாக் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் சைபர் கிரைம் போலீஸில் புகார் தர உதவும்.

4. தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'ஈமான் குறைவு' என்று குத்திக் காட்டாதீர்கள். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். டெலி மனஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அந்தக் கூரைக்குக் கீழே போர்வை பிடித்தவர்களும் சாதாரண மனிதர்கள்தாம். விழப்போகும் ஒருவருக்காகக் கை நீட்டினார்கள். நம் கைகளையும் அப்படிப்பட்ட கைகளாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.