தீரா வலியும் அறிதுயில் மருத்துவமும்

வலி உடலின் காவலாளி. முள் தைத்த காலை மேலே எடுக்கச் செய்வதும், கொதிக்கும் பாத்திரத்தினின்று விரலை விலக்கச் செய்வதும் அதன் பணி. புண் ஆறியதும் தன் கடமை முடிந்ததென அது விடைபெற வேண்டும். சிலரிடத்து அவ்வாறு நிகழ்வதில்லை. கள்வன் போய்ப் பல மாதங்கள் கழிந்த பின்னும் இரவெல்லாம் கூவிக்கொண்டிருக்கும் காவலாளியாக வலி மாறிவிடுகிறது. வேறு சிலருக்கோ மூட்டுத் தேய்வு, புற்றுநோய் போன்ற நோய்கள் உள்ளிருந்து ஓயாது வலியை ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என மருத்துவர் வகுப்பர். பெயர் எளிது, அதனோடு வாழ்தல் அரிது.

இராசபாளையத்தையும் சத்திரப்பட்டியையும் சூழ்ந்த ஊர்களின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, தொலைவில் உள்ள மருத்துவமனைகளுக்கும் செல்கிறது. புண்ணைக் கட்டத் துணி உண்டு. அத்துணியை நெய்து நெய்து நொந்த முதுகின் வலிக்கு எங்கே கட்டுப் போடுவது? நிழற்படத்தில் எலும்பு நன்றாக இருக்கிறது. இரத்தச் சோதனையில் குறையில்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். வீட்டாரும் மெல்ல அதனை நம்பத் தலைப்படுகின்றனர். வலியினும் கொடியது அந்த நம்பாமை. நோயாளியோ மருந்துக் கடையில் வலி மாத்திரையைத் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார். அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது என்பதைப் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

மருந்துக்கு அடங்கா வலி மன்னரையும் விட்டதில்லை. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி கோயிலைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தியொன்று உண்டு. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623–1659) கடும் வயிற்றுவலியால் வருந்தி, அங்கு வந்து தங்கி நலம் பெற்றார் என்பர். வரலாற்றாசிரியர் அதனை எவ்வாறு மதிப்பிடினும், அரசவை மருத்துவரால் ஆகாதது மனத்தின் ஊன்றலால் ஆகக்கூடும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை அச்செய்தி காட்டுகிறது. அந்த எண்ணத்தில் அறிவியல் ஏற்கும் பகுதி எது, ஏலாத பகுதி எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறிதுயில் என்னும் சொல்

ஹிப்னாடிசம் என்பதனைத் தமிழில் மனவசியம் என்றும் அறிதுயில் என்றும் வழங்குவர். வசியம் என்ற சொல்லில் ஒருவர் மற்றொருவரை அடிமைப்படுத்துகிறார் என்ற பொய்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருத்தலின் அதனைத் தவிர்ப்பது நன்று. அறிதுயிலோ துயில்வது போன்ற தோற்றமும் விழித்த அறிவும் ஒருங்கே அமைந்த நிலை. பள்ளிகொண்ட கோலத்தில் வடபத்திரசாயி விளங்கும் திருவில்லிபுத்தூரில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. மருத்துவத்திலும் பொருள் ஏறத்தாழ அதுவே. கவனம் ஒரு பொருளின்மேல் குவிகிறது, சுற்றுப்புறம் மங்குகிறது, சொல்லப்படும் கருத்து ஆழப் பதிகிறது. நோயாளி உறங்குவதில்லை, தன்னினைவு இழப்பதுமில்லை.

கிரேக்கரின் உறக்கத் தெய்வமான ஹிப்னோஸின் பெயரையொட்டி ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் மருத்துவர். அவரது நூல் 1843-இல் வெளிவந்தது. இது உறக்கமன்று என்பதைப் பின்னர் உணர்ந்து பெயரை மாற்றவும் அவர் முயன்றார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு முன்பே வியன்னா நகரில் பயின்ற மெஸ்மர் என்பார், உடல்களுக்கிடையே காந்த நீரோட்டம் ஒன்று பாய்வதாகவும் அதனைக் கையால் செலுத்தி நோய் தீர்க்கலாம் என்றும் கூறிப் பாரிசில் பெரும்புகழ் எய்தினார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியே ஆகியோர் அதில் இருந்தனர். காந்தம் ஏதுமில்லை, யாவும் கற்பனையின் விளைவே என்று குழு முடிவு கூறிற்று. முடிவு சரியே. ஆயினும், கற்பனைக்கு இத்துணை ஆற்றல் உண்டெனின் அதுவன்றோ ஆராயத்தக்கது?

அவ்வழியில் தெளிவாகச் சிந்தித்தவர் ஓர் இந்தியர். கோவாவின் கண்டோலிம் ஊரில் 1756-இல் பிறந்த பாதிரியார் அபே ஃபரியா, 1813 முதல் பாரிசில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், ஆற்றல் செய்பவரின் கையில் இல்லை, ஏற்பவரின் உள்ளத்திலேயே உள்ளது என எடுத்துரைத்தார். பனாஜி நகரில் அவருக்குச் சிலை உண்டு. ஒரு பெருநாவலின் சிறைக்கைதியாக உலகம் அறிந்த அளவு, சிந்தனையாளராக அவரை அறியவில்லை.

ஹூக்ளி இமாம்பாரா மருத்துவமனை

வலியைத் தணிக்க இம்முறை பெருமளவில் கையாளப்பட்ட இடம் ஐரோப்பா அன்று, வங்காளம். ஹூக்ளியில் வாழ்ந்த ஹாஜி முஹம்மது முஹ்ஸின், தம் பெருஞ்செல்வத்தை 1806-இல் வக்ஃபு ஆக்கினார். 1812-இல் அவர் மறைந்தார். அந்த அறக்கொடையின் பயனாகவே 1836-இல் ஹூக்ளிக் கல்லூரி தோன்றிற்று. இமாம்பாரா மருத்துவமனையும் அதனால் புரக்கப்பட்டது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே ஈந்த அக்கொடையை நம் கல்லூரி மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அங்குப் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், ஸ்காத்லாந்து நாட்டவர். மெஸ்மர் முறையை அவர் நூலில் படித்திருந்தாரேயன்றிக் கண்ணால் கண்டவரல்லர். 1845 ஏப்ரல் 4-ஆம் நாள், விரைவீக்கத்துக்கு மருத்துவம் செய்யப்பெற்ற சிறைக்கைதி ஒருவர் மருந்தின் எரிச்சல் தாளாது துடித்தார். அவர்மேல் எஸ்டெய்ல் அம்முறையை முயன்று பார்த்தார். நெடுநேரம் கழித்து அம்மனிதர் ஊசி குத்தினும் அசையாத நிலையை அடைந்தார்.

அதன்பின் அடுத்தடுத்து அறுவைகள் நிகழ்ந்தன. மயக்க மருந்து என்ற ஒன்றை உலகம் அறியாத காலம் அது. நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, அலறலுக்கிடையே கத்தி வைத்த காலம். யானைக்கால் நோயால் உண்டான மிகப்பெரிய கட்டிகளைச் சுமந்தவர் பலர், அறுவையின் வலிக்கு அஞ்சியே வராதிருந்தனர். இருட்டறையில் நோயாளியைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அமர்ந்து, உடலைத் தொடாமல் கைகளை மெல்ல மேலிருந்து கீழாக இயக்குவர். ஒரு மணிக்கு மேலும் இது நீளும். நாட்கணக்கில் தொடர்வதும் உண்டு. இதனை ஒருவரே செய்தல் இயலாதாகலின், மருத்துவமனையின் உதவியாளர்களான இந்து, முஸ்லிம் இளைஞர்களுக்கு எஸ்டெய்ல் அதனைக் கற்பித்தார். அவர்களே பெரும்பாலும் செய்தனர். புகழ் அவருக்குச் சேர்ந்தது. அவ்விளைஞரை இன்று நினைப்பார் இலர். எட்டு மாதங்களில் 73 வலியற்ற அறுவைகள் செய்ததாக 1846-இல் வெளியிட்ட நூலில் அவர் பட்டியலிட்டார். அரசு அமைத்த குழு ஆராய்ந்த பின், 1846 நவம்பரில் கல்கத்தாவில் இதற்கெனவே ஒரு மருத்துவமனை ஓராண்டுச் சோதனையாகத் திறக்கப்பட்டது.

ஆனால் அதற்கு முந்தைய திங்களில், அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை நிகழ்ந்துவிட்டது. 1847-இல் குளோரோபார்ம் வந்தது. சில நிமிடங்களில் எவரையும் மயக்கும் மருந்திருக்க, மணிக்கணக்கில் கை வீச யார் காத்திருப்பர்? 1851-இல் எஸ்டெய்ல் நாடு திரும்பினார். ஹூக்ளியின் கதை மறக்கப்பட்டது.

இக்கதையில் ஒரு கறையும் உண்டு. அந்நோயாளர் கைதியர், ஏழையர். தம்மீது செய்யப்படுவது என்னவென்று பலருக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய அறிதுயில் மருத்துவமோ நோயாளியின் இசைவையே அடிப்படையாகக் கொண்டது; அவர் மனமொப்பி உடன் உழைத்தாலன்றி அது நிகழவே நிகழாது.

எவ்வாறு தணிகிறது?

உள்ளத்தின் எண்ணம் உடலை ஆள்வதை விளக்க இப்னு ஸீனா (980–1037) ஓர் எடுத்துக்காட்டுத் தருவார். தரையில் கிடக்கும் பலகைமீது எவரும் எளிதில் நடப்பர். அதே பலகையைப் பள்ளத்தின் குறுக்கே பாலமாக இட்டால் கால் நடுங்கும். பலகை மாறவில்லை, மாறியது மனத்தில் எழுந்த விழும் காட்சியே. வலியின் வகைகள் பதினைந்து எனத் தம் மருத்துவப் பெருநூலில் பகுத்துரைத்தவரும் அவரே.

1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர் வாயிற்கதவுக் கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் கதவு போன்ற அமைப்பு உண்டு. வலிச்செய்தியை மிகுதியாகவோ குறைவாகவோ அது மேலே விடுகிறது. மூளையிலிருந்து இறங்கும் ஆணைகள் அக்கதவைத் திறக்கவும் சாத்தவும் வல்லன என்பது அதன் சாரம். 1997-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தனர். அறிதுயிலில் இருந்தோர் வலிக்கும் வெப்பமுள்ள நீரில் கையை வைத்தனர். "இது அவ்வளவு துன்பமாக இல்லை" என்ற கருத்து ஊட்டப்பட்டபோது, மூளையில் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் இயக்கம் குறைந்தது. வலியின் இடத்தையும் அளவையும் உணரும் பகுதியோ பெரிதும் மாறவில்லை. நீரின் சூடு அதுவே, துன்பம் வேறு. வலியைப் போக்க இயலாதபோதும் அதன் துன்பத்தைக் குறைக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மனத்தால் தணியும் வலி மனத்தின் புனைவே என முடிவு கட்டுவோர் உளர். அது பிழை. வலி எங்கிருந்து எழுந்தாலும் உணரப்படுவது மூளையில்தான். வலியுற்றவர் கூறுவதை மதித்து ஏற்க வேண்டும் என உலக வலி ஆய்வுக் கழகம் 2020-இல் திருத்திய விளக்கத்திலேயே எழுதி வைத்துள்ளது.

சிகிச்சை நடைபெறும் முறை

முதலில் மருத்துவர் நெடுநேரம் கேட்பார். வலி எரிகிறதா, குத்துகிறதா, கனக்கிறதா? அதற்கு நிறமுண்டா? எப்பொழுது ஏறும், எப்பொழுது இறங்கும்? பின்னர் மூச்சின்மீது கவனத்தை நிறுத்தி, உடலை உறுப்பு உறுப்பாகத் தளர்த்தச் சொல்வார். நோயாளி அறிந்த இனிய இடமொன்றை மனத்தில் விரிப்பார். இராசபாளையத்தார்க்கு அது ஐயனார் கோயில் ஆறாக இருக்கலாம். மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் கையை வைத்திருப்பதாக எண்ணச் செய்வார். கை சிறிது சிறிதாக மரத்துப்போவதை நோயாளி உணர்வார். மரத்த அக்கையை நோகும் முழங்காலின்மீது வைத்து, அம்மரப்பு அங்கே இறங்குவதாக எண்ணுவார். "வலி இல்லை" என்று பொய் கூறுவதில்லை. வலி அடுத்த தெருவில் ஒலிக்கும் ஒலிபெருக்கி போலத் தொலைவாகிறது என்று கூறுவதே முறை. சில அமர்வுகளுக்குப் பின் நோயாளி தாமே செய்யக் கற்பார். மருத்துவரின் குரலைக் கைப்பேசியில் பதிந்து நாள்தோறும் கேட்டுப் பழகுவோரும் உண்டு. இந்தத் தற்பயிற்சியே இம்மருத்துவத்தின் உயிர்நிலை.

1995-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, புற்றுநோய் சார்ந்த நாட்பட்ட வலியைத் தணிப்பதில் அறிதுயிலுக்கு வலுவான சான்று உண்டென ஏற்றது. குடல் எரிச்சல் நோய்க்கு மருந்து ஓராண்டு பயன் தராதபோது இதனைக் கருதலாம் எனப் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி 2008-இல் பரிந்துரைத்தது. எல்லோர்க்கும் ஒரே பயன் கிட்டுவதில்லை. சிலர் எளிதில் ஆழ்வர், சிலர் சிறிதும் ஆழார், பெரும்பாலோர் இடைப்பட்டவர். ஆழாமை அறிவின் உயர்வுமன்று, குறையுமன்று.

கவனிக்க வேண்டியவை

காரணம் அறியாமல் வலியை அடக்குதல் தீங்கு. திடீரென எழும் நெஞ்சுவலி, கடுந்தலைவலி, காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் கூடிய முதுகுவலி, கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரையே நாட வேண்டும். மனச்சிதைவு நோயுடையோர்க்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படும். உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. மேடையில் மாணவரைக் கோழி போலக் கூவச் செய்வோரின் வித்தை மருத்துவமன்று. ஒரே அமர்வில் முழு நலம் என விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொட்டுவதும் வீண்.

நம் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இச்சிகிச்சை கிடைக்கும் எனக் கூறுதற்கில்லை. நாடுவோர் மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ செல்லலாம். அறிதுயிலில் தனிப்பயிற்சி பெற்றவரா, வலிக்கு மருத்துவம் பார்த்துவரும் மருத்துவரோடு கலந்து செயற்படுவாரா, எத்தனை அமர்வுகள், கட்டணம் யாது என்று முதல் நாளே கேட்டறிதல் வேண்டும். அதற்கு முந்தைய இரு வாரங்கள், நாள்தோறும் வலி ஏறிய வேளை, செய்துகொண்டிருந்த வேலை, உறங்கிய நேரம், உண்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுசென்றால், முதல் அமர்வின் பாதி வேலை முடிந்திருக்கும்.